குழாய் போன வழி – அத்தியாயம் 12: போர்க்களத்தைச் சுற்றிப்போன எண்ணெய்

சென்ற அத்தியாயத்தை ஜெய்ஹான் துறைமுகத்தில் நிறுத்தியிருந்தோம். 1990 ஆகஸ்டில் சதாம் உசேனின் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. ஐ.நா. தடை விதித்தது. இராக்கின் கிர்குக் வயல்களிலிருந்து துருக்கியின் மத்தியதரைக்கடல் கரைக்கு 1977 முதல் வந்துகொண்டிருந்த எண்ணெய் நின்றுபோனது. மாபெரும் டேங்கர் கப்பல்களுக்காகக் கட்டிய துறையும் சேமிப்புத் தொட்டிகளும் வேலையற்றுக் கிடந்தன. வழிக்கட்டணமாக வந்த வருமானத்தை இழந்த துருக்கி, இனி வேறு யாருடைய எண்ணெய் இங்கே வரும் என்று தேடத் தொடங்கியது. தேடலுக்கு விடை கிழக்கே, காகசஸ் மலைகளுக்கு அப்பால், காஸ்பியன் கடலில் இருந்தது.

1994 செப்டம்பர் 20. அஸர்பைஜான் தலைநகர் பாகுவில், கடலைப் பார்த்தபடி நிற்கும் குலிஸ்தான் மாளிகையில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அமெரிக்கா, பிரிட்டன், நார்வே, துருக்கி, ரஷ்யா, சவூதி அரேபியா ஆகிய நாடுகளின் நிறுவனங்கள் அஸர்பைஜானின் அரசு எண்ணெய் நிறுவனத்தோடு கைகோத்தன. கரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் கடலடியில் கிடந்த அஸெரி, சிராக், குனஷ்லி என்ற மூன்று வயல்களை 30 ஆண்டுகளுக்கு வளர்த்தெடுப்பது ஏற்பாடு. முதலீட்டு மதிப்பு 740 கோடி டாலர். அதற்கு ‘நூற்றாண்டின் ஒப்பந்தம்’ என்று பெயர் வைத்தார்கள்.

கையெழுத்தான அந்தத் தாள்களில் ஒரு கேள்விக்கு மட்டும் விடை இல்லை. எடுக்கும் எண்ணெய் எந்த வழியாக வெளியே போகும்?

காஸ்பியனுக்கு வாசல் இல்லை. அதை ஒட்டிய ஐந்து நாடுகளுக்கு நடுவே அடைபட்டுக் கிடக்கும் நீர்ப்பரப்பு அது. பாரசீக வளைகுடாவில் எண்ணெய் எடுப்பவர்கள் கப்பலில் ஏற்றினால் போதும், உலகமே சந்தை. அஸர்பைஜானுக்கு அந்த வசதி கிடையாது. அதன் ஒவ்வொரு பீப்பாயும் இன்னொரு நாட்டின் மண்ணைக் கடந்தால்தான் விலைபோகும். அந்த இன்னொரு நாடு எது என்று முடிவுசெய்பவரிடம் அஸர்பைஜானின் எதிர்காலம் இருந்தது.

எழுபத்தொரு வயதில் ஒரு கணக்கு

இதை வேறு எவரையும்விடத் தெளிவாக உணர்ந்திருந்தவர் அதிபர் ஹைதர் அலியேவ். அப்போது அவருக்கு வயது 71. சோவியத் காலத்தில் அஸர்பைஜானின் கேஜிபி தலைவராக இருந்தவர். பிறகு அக்குடியரசின் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர். 1982 முதல் மாஸ்கோவின் பொலிட்பீரோவில் முழு உறுப்பினர். 1987இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். மாஸ்கோ எப்படி யோசிக்கும் என்பதை உள்ளிருந்தே கற்றவர்.

அவர் பதவிக்கு வந்த விதமே எண்ணெயோடு பிணைந்தது. 1993 ஜூனில், அதிபர் அபுல்ஃபஸ் எல்சிபே மேற்கத்திய நிறுவனங்களுடனான ஒப்பந்தத்தை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், சூரத் ஹுசேனோவ் என்ற படைத்தலைவர் கலகம் செய்தார். எல்சிபே தலைநகரை விட்டு வெளியேற, வெற்றிடத்தில் அலியேவ் வந்து அமர்ந்தார். 1994 செப்டம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தான சில நாட்களிலேயே அவருக்கு எதிராகவும் ஒரு கலகம். 1995 மார்ச்சில் இன்னொன்று. இரண்டையும் அடக்கினார்.

அதே காலத்தில் நாடு ஒரு போரில் தோற்றிருந்தது. நகோர்னோ கராபாக் மலைப்பகுதிக்காக ஆர்மீனியர்களோடு நடந்த சண்டை 1994 மே மாதம் போர்நிறுத்தத்தில் முடிந்தபோது, கராபாக் மட்டுமின்றி அதைச் சுற்றியிருந்த மாவட்டங்களும் ஆர்மீனியப் படைகளின் கையில் இருந்தன. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அஸர்பைஜானியர்கள் ஊரை இழந்து முகாம்களிலும் ரயில் பெட்டிகளிலும் வாழ்ந்தார்கள். மறுபுறம், தலைமுறைகளாகப் பாகுவிலும் சும்காயிட்டிலும் வாழ்ந்த ஆர்மீனியர்கள் லட்சக்கணக்கில் விரட்டப்பட்டிருந்தார்கள்.

படை பலம் இல்லை, பணம் இல்லை, நட்பு நாடுகள் குறைவு. அலியேவின் கையில் இருந்தது கடலடி எண்ணெய் ஒன்றுதான். அதில் பெரிய நாடுகளுக்குப் பங்கு கொடுத்துவிட்டால், தன் நாடு பிழைத்திருப்பதில் அவர்களுக்கும் அக்கறை பிறக்கும் என்று கணக்குப் போட்டார். ரஷ்யாவின் லூக்காயில் நிறுவனத்துக்கு 10 விழுக்காடு பங்கு கொடுத்தது அந்தக் கணக்கில்தான். அது ஓரளவு பலித்தது. காஸ்பியனின் சட்ட நிலை தீராதவரை ஒப்பந்தத்தை ஏற்க முடியாது என்று ரஷ்ய வெளியுறவு அமைச்சகம் எதிர்ப்புத் தெரிவித்தது; ரஷ்ய எரிசக்தி அமைச்சகத்தின் பிரதிநிதியோ குலிஸ்தான் மாளிகையில் கையெழுத்து விழாவில் கலந்துகொண்டார்.

வடக்கு வழி

இருக்கிற வழி வடக்கு வழி. சோவியத் காலத்தில் போட்ட குழாய் அந்தத் திசையில் ஏற்கெனவே இருந்தது. பாகுவிலிருந்து காஸ்பியன் கரையோரமாக மேலேறி, ரஷ்யாவின் கருங்கடல் துறைமுகமான நோவோரஸ்ஸீஸ்க் வரை ஏறத்தாழ 1,330 கிலோமீட்டர். கொஞ்சம் பழுதுபார்த்தால் போதும், செலவு குறைவு. எண்ணெயும் ரஷ்யாவின் கட்டுப்பாட்டிலேயே இருக்கும். மாஸ்கோ விரும்பியது இதைத்தான்.

அந்தக் குழாய் செசன்யாவின் தலைநகர் குரோஸ்னி வழியாகப் போனது. 1994 டிசம்பரில், ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்று மாதம் முடிவதற்குள், ரஷ்யப் படைகள் செசன்யாவுக்குள் நுழைந்தன. குரோஸ்னி இடிபாடுகளாயிற்று. போருக்குக் காரணம் எண்ணெய்க் குழாய்தான் என்று சொன்னால் அது மிகை. செசன்யர்களுக்கும் ரஷ்யப் பேரரசுக்கும் இடையிலான பகை இரண்டு நூற்றாண்டுப் பழசு. ஆனால் அந்தப் போருக்குப் பிறகு, குரோஸ்னியைக் கடந்து போகும் குழாயை நம்பிக் கோடிக்கணக்கில் பணம் போட எவருக்கும் துணிவு வரவில்லை.

பாகுவின் பயமோ வேறு. எண்ணெய்க்கு ஒரே வழி வடக்கு என்றாகிவிட்டால், 1991இல் கிடைத்த விடுதலைக்கு என்ன பொருள்? வால்வு மாஸ்கோவிடம் இருக்கும்வரை முடிவும் மாஸ்கோவிடம்தான் இருக்கும்.

தெற்கும் மேற்கும்

பொறியாளர்களைக் கேட்டால் தெற்கைக் கை காட்டியிருப்பார்கள். ஈரான் வழியாகப் பாரசீக வளைகுடாவுக்கு இறங்குவது சுலபமான, மலிவான வழிகளில் ஒன்று. ஈரானின் வடபகுதிச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு காஸ்பியன் எண்ணெயைக் கொடுத்துவிட்டு, அதே அளவு ஈரானிய எண்ணெயை வளைகுடாவில் வாங்கிக்கொள்ளும் மாற்று ஏற்பாடும் சாத்தியமாக இருந்தது.

வாஷிங்டன் இதற்குச் சம்மதிக்கவில்லை. 1979 புரட்சியும் தூதரகப் பணயக்கைதி விவகாரமும் அமெரிக்காவில் இன்னும் ஆறாத காயமாக இருந்தன. தன் நாட்டுப் பங்கிலிருந்து 5 விழுக்காட்டை ஈரானுக்குத் தர அலியேவ் முன்வந்தார். அமெரிக்கா எதிர்த்தது, 1995இல் ஈரான் வெளியே நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு ஷா டெனிஸ் என்ற எரிவாயு வயலில் ஈரானுக்கு 10 விழுக்காடு கொடுத்து அலியேவ் அந்த உறவைச் சரிக்கட்டினார். 1996 ஆகஸ்டில் ஈரானின் எண்ணெய்த் துறையில் பெருமுதலீடு செய்யும் எந்த நாட்டு நிறுவனத்தையும் தண்டிக்கும் சட்டத்தை அமெரிக்கா இயற்றியது. தெற்கு வழி அடைபட்டது.

வரைபடத்தை விரித்துப் பார்த்தால், பாகுவையும் மத்தியதரைக் கடலையும் இணைக்கும் நேர்கோடு ஆர்மீனியா வழியாகத்தான் போகும். பகையாளிகள் இருவருக்கும் வருமானம் தரும் ஒரு குழாயைப் போட்டால் சமாதானம் கைகூடும் என்ற நம்பிக்கையில், ‘அமைதிக் குழாய்’ என்ற யோசனையை மேற்கத்திய ராஜதந்திரிகள் சிலர் தொண்ணூறுகளின் நடுவில் முன்வைத்தார்கள். ஆர்மீனியத் தலைநகர் யெரெவானும் பாகுவும் அதற்கு வேண்டிய விட்டுக்கொடுப்புக்குத் தயாராக இல்லை. ஊரை இழந்த மக்களின் கோபம் பாகுவின் கழுத்தில் இருந்தது. ஒட்டோமான் கால ஆர்மீனிய இனப்படுகொலையின் நினைவும் கராபாக் வெற்றியின் பெருமிதமும் யெரெவானின் நெஞ்சில் இருந்தன. துருக்கியும் 1993லேயே ஆர்மீனிய எல்லையை மூடிவிட்டது. நேர்கோடு சாத்தியமில்லை என்றாயிற்று.

மிச்சம் ஜார்ஜியா. அந்த வழி புதிதல்ல. நோபல் சகோதரர்களும் ராத்ஷைல்டுகளும் பாகுவில் கோலோச்சிய காலத்தில், 1883இல் பாகுவிலிருந்து கருங்கடலின் பட்டுமி துறைமுகத்துக்கு ரயில் பாதை வந்ததை இத்தொடரின் தொடக்கத்தில் பார்த்தோம். 1907இல் அதே தடத்தில் மண்ணெண்ணெய்க் குழாயும் வந்தது.

தொண்ணூறுகளின் ஜார்ஜியா வேறு மாதிரி நாடு. அப்காஸியா, தெற்கு ஒசெட்டியா என இரண்டு பிரிவினைப் போர்களில் நொறுங்கியிருந்தது. அதிபர் எட்வர்ட் ஷெவர்ட்நாட்ஸே, கோர்பச்சேவின் வெளியுறவு அமைச்சராக உலகம் அறிந்தவர். குழாய் வந்தால் மேற்கு நாடுகளின் கண் தன் நாட்டின் மீது இருக்கும் என்று உறுதியாக நம்பினார். 1995 ஆகஸ்ட் 29 அன்று அவருடைய காரைக் குறிவைத்துக் குண்டு வெடித்தது. காயங்களோடு தப்பினார். எண்ணெய் எந்த வழியாகப் போகும் என்ற முதல் முடிவு அடுத்த சில வாரங்களில் வரவிருந்தது.

அந்த முடிவுக்கு முன்பு அதிபர் பில் கிளின்டன் அலியேவோடு தொலைபேசியில் பேசினார். முன்னாள் பாதுகாப்பு ஆலோசகர் பிரெஜின்ஸ்கி, கிளின்டனின் கடிதத்தோடு பாகுவுக்கு வந்தார். 1995 அக்டோபர் 9 அன்று நிறுவனங்களின் கூட்டமைப்பு அறிவித்தது: முதலில் கிடைக்கும் எண்ணெய் ஒரு வழியாகப் போகாது, இரண்டு வழியாகப் போகும். வடக்கே நோவோரஸ்ஸீஸ்க். மேற்கே ஜார்ஜியாவின் சுப்சா. வடக்கு வழி 1997இலும், ஏறத்தாழ 830 கிலோமீட்டர் நீளமுள்ள சுப்சா வழி 1999 ஏப்ரலிலும் இயங்கத் தொடங்கின. மாஸ்கோவின் கையில் இருந்த ஏகபோகம் அப்படி முடிந்தது.

பாஸ்பரஸின் குறுகிய தொண்டை

இரண்டு வழிகளும் கருங்கடலில்தான் முடிந்தன. கருங்கடலிலிருந்து வெளியேற ஒரே பாதை, இஸ்தான்புல் நகரை இரண்டாகப் பிளந்து ஓடும் பாஸ்பரஸ் நீரிணை. நீளம் ஏறத்தாழ 31 கிலோமீட்டர். மிகக் குறுகிய இடத்தில் அகலம் 700 மீட்டர்தான். கூர்மையான திருப்பங்கள், மாறிமாறி இழுக்கும் நீரோட்டம், இருகரையிலும் நெருக்கியடித்த வீடுகள்.

1979 நவம்பரில் ருமேனியாவின் இண்டிபெண்டன்டா என்ற டேங்கர் நீரிணையின் தென்வாயிலில் இன்னொரு கப்பலோடு மோதி வெடித்தது. 43 மாலுமிகள் மாண்டார்கள். தீ வாரக்கணக்கில் எரிந்தது. 1994 மார்ச் 13 அன்று நாசியா என்ற டேங்கர் மோதிக் கடல் தீப்பிடித்தது. இருபத்தைந்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். மொன்ட்ரோ உடன்படிக்கையின்படி, 1936 முதல் சமாதான காலத்தில் வணிகக் கப்பல்களுக்கு நீரிணையில் தங்குதடையற்ற வழி உண்டு. அதைத் துருக்கி மூட முடியாது. 1994 ஜூலையில் பாதுகாப்பு விதிகளை மட்டும் கடுமையாக்கியது.

ஒரு கோடி மக்கள் வாழும் நகரத்தின் நடுவே இன்னும் எத்தனை டேங்கர்களை அனுப்புவீர்கள் என்று துருக்கி கேட்டது. கேள்வி நியாயமானது. அதற்குத் துருக்கியே வைத்திருந்த பதில் ஜெய்ஹான். மூன்று லட்சம் டன் கப்பல்கள் நெருங்கி நிற்கக்கூடிய ஆழம், ஏற்கெனவே கட்டிய துறைமுக வசதி, நேரே மத்தியதரைக் கடல். மக்களின் பாதுகாப்பும் நாட்டின் வருமானமும் ஒரே திசையைக் காட்டின.

எண்ணெய் நிறுவனங்கள் தயங்கின. 1998இல் கச்சா எண்ணெய் விலை பீப்பாய்க்கு 10 டாலரை ஒட்டி விழுந்திருந்தது. மலைகள் தாண்டி ஆயிரம் மைலுக்கு மேல் குழாய் போட்டால் போட்ட பணம் திரும்புமா என்று கணக்காளர்கள் கேட்டார்கள். சுப்சா வழியையே அகலப்படுத்தினால் என்ன என்றார்கள். அரசுகள் விடவில்லை. 1998 அக்டோபர் 29 அன்று, துருக்கிக் குடியரசின் 75ஆம் ஆண்டு நாளில், அங்காராவில் துருக்கி, அஸர்பைஜான், ஜார்ஜியா, கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான் அதிபர்கள் ஜெய்ஹான் வழிக்கு ஆதரவான பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். 1999 நவம்பர் 18 அன்று இஸ்தான்புல்லில் கிளின்டன் முன்னிலையில் அரசுகளுக்கு இடையிலான உடன்படிக்கை கையெழுத்தானது. தன் மண்ணில் அமையும் பகுதியை 140 கோடி டாலருக்குள் முடித்துத் தருவதாகவும், மேற்கொண்டு ஆகும் செலவைத் தானே ஏற்பதாகவும் துருக்கி உறுதி கொடுத்தது. எண்ணெய் விலையும் ஏறத் தொடங்கியது. பிபி நிறுவனம் தலைமை ஏற்க முன்வந்தது.

மண்ணுக்குள் 1,768 கிலோமீட்டர்

2002 செப்டம்பர் 18 அன்று பாகுவுக்குத் தெற்கே சங்கச்சால் முனையத்தில் அடிக்கல் நாட்டினார்கள். பாகு–திபிலிசி–ஜெய்ஹான் குழாய். அஸர்பைஜானில் 443 கிலோமீட்டர், ஜார்ஜியாவில் 249, துருக்கியில் 1,076. பெரும்பகுதிக்கு 42 அங்குல விட்டம். எண்ணெயைத் தள்ள எட்டு பம்பிங் நிலையங்கள். மிக உயர்ந்த இடத்தில் கடல்மட்டத்துக்கு 2,800 மீட்டர் மேலே ஏறி இறங்குகிறது. நம் ஊட்டியின் தொட்டபெட்டா சிகரத்தையும் தாண்டிய உயரம். முழுவதும் மண்ணுக்குள் புதைத்த குழாய். பாகுவில் புறப்படும் எண்ணெய் ஜெய்ஹானைச் சேர ஏறத்தாழ பத்து நாட்கள். செலவு ஏறத்தாழ 400 கோடி டாலர். அதில் பெரும்பங்கு கடன். உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கழகமும் ஐரோப்பிய மறுகட்டமைப்பு வங்கியும் 2003 நவம்பரில் ஒப்புதல் தந்தன.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். அதிபர்களின் கையெழுத்தோடு கதை முடிந்துவிடுவதில்லை. 44 மீட்டர் அகல வழித்தடம் யாருடைய நிலத்தில் வெட்டப்பட்டது?

ஜார்ஜியாவில் போர்ஜோமி என்றொரு பள்ளத்தாக்கு. அங்கே ஊற்றெடுக்கும் கனிமநீர் சோவியத் காலம் முதலே புகழ்பெற்றது; அந்த ஏழை நாட்டின் முக்கிய ஏற்றுமதிகளில் ஒன்று. அந்த நீர்ப்பிடிப்புப் பகுதியின் ஓரமாகக் குழாய் போக வேண்டும் என்று திட்டம் சொன்னது. சற்றுத் தெற்கே தள்ளிப் போடக் கூடாதா என்றால், தெற்கே அகல்கலாகியில் ரஷ்ய ராணுவத்தளம் இருந்தது. சுற்றிலும் ஆர்மீனியர்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர்கள். பாதுகாப்புக்காக நீரூற்றின் பக்கமே குழாய் நெருங்கியது. சுற்றுச்சூழல் அமைச்சர் நினோ சோபாட்ஸே எதிர்த்தார். ஜார்ஜியாவின் சட்டத்தையே மீறச் சொல்கிறார்கள் என்று பிபியின் தலைவருக்கு எழுதினார். 2002 நவம்பர் இறுதியில், கடும் நெருக்கடிக்குப் பிறகு, நிபந்தனைகளோடு ஒப்புதல் தந்தார். ஒரு சிறிய நாட்டின் அமைச்சர் தன் நாட்டுத் தண்ணீருக்காக அவ்வளவு தூரம் நின்றார் என்பதை வரலாறு பதிவுசெய்ய வேண்டும்.

ஒப்பந்தங்களின் உள்ளடக்கமும் கவலை தந்தது. மூன்று நாடுகளும் குழாய் நிறுவனத்தோடு செய்த உடன்பாடுகள் உள்நாட்டுச் சட்டங்களுக்கு மேலான இடத்தைப் பெற்றன. பின்னாளில் சுற்றுச்சூழலையோ தொழிலாளர்களையோ காக்கும் புதிய சட்டம் வந்து நிறுவனத்தின் லாபத்தைப் பாதித்தால், அரசு இழப்பீடு தர வேண்டிவரும். ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் 2003 மே மாதம் அறிக்கை வெளியிட்டு இதைக் கண்டித்தது. அந்தப் போராட்டம் வீண்போகவில்லை. மனித உரிமை, சுகாதாரம், பாதுகாப்பு, சுற்றுச்சூழல் தொடர்பான சட்டங்களுக்கு எதிராக அந்தப் பிரிவுகளைப் பயன்படுத்தமாட்டோம் என்று நிறுவனம் அதே ஆண்டு செப்டம்பரில் எழுதிக் கொடுத்தது. இன்று எங்கே குழாய் போட்டாலும் ஒப்பந்தத்தின் சிறு எழுத்துகளை மக்கள் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

விவசாயிகளுக்கு இழப்பீடு கிடைத்தது. சிலருக்குப் போதுமான அளவில், பலருக்கு மனக்குறையோடு. கட்டுமானம் நடந்த சில ஆண்டுகள் வேலை இருந்தது. மண்ணை மூடியதும் வேலையும் முடிந்தது. லட்சக்கணக்கான பீப்பாய் எண்ணெய் தன் வயலுக்கு அடியில் ஓட, மேலே விறகடுப்பில் குளிர்காயும் குடும்பங்கள் ஜார்ஜிய மலைக் கிராமங்களில் இருந்தன. அந்த நிலத்தில் வீடு கட்டக் கூடாது, வேரோடும் மரம் வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு மட்டும் நிரந்தரம்.

2005 மே மாதம் குழாயில் எண்ணெய் விடத் தொடங்கினார்கள். குழாயை நிரப்பவே ஒரு கோடி பீப்பாய் வேண்டியிருந்தது. அதற்கு ஓராண்டு ஆனது. 2006 ஜூன் 4 அன்று, பிரிட்டிஷ் ஹாதோர்ன் என்ற கப்பல் முதல் சரக்கோடு ஜெய்ஹானிலிருந்து புறப்பட்டது. ஜூலை 13 அன்று அதிகாரபூர்வ விழா. முக்கியமான இருவர் அங்கே இல்லை. ஷெவர்ட்நாட்ஸேயை 2003 நவம்பரில் ரோஜாப் புரட்சி பதவி இறக்கிவிட்டது. ஹைதர் அலியேவ் 2003 டிசம்பரில் மறைந்தார். மகன் இல்ஹாம் அலியேவ் அதற்கு இரண்டு மாதம் முன்பே அதிபராகியிருந்தார். இன்றுவரை அவரே அதிபர்.

இந்தியாவுக்கும் இக்குழாயில் இடமுண்டு. 2013இல் ஓஎன்ஜிசி விதேஷ் நிறுவனம், அமெரிக்காவின் ஹெஸ் நிறுவனத்திடமிருந்து அஸெரி, சிராக், குனஷ்லி வயல்களில் 2.72 விழுக்காட்டையும் குழாயில் 2.36 விழுக்காட்டையும் வாங்கியது.

2008: சோதனைக்காலம்

ஓடத் தொடங்கி இரண்டே ஆண்டுகளில் குழாய் சோதிக்கப்பட்டது. 2008 ஆகஸ்ட் 5 அன்று, கிழக்குத் துருக்கியின் எர்சின்ஜான் மாகாணத்தில், ரெஃபாஹியே அருகே ஒரு வால்வு நிலையம் வெடித்துத் தீப்பிடித்தது. குர்திஸ்தான் தொழிலாளர் கட்சி பொறுப்பேற்றது. எண்ணெய் நின்றது. மூன்றே நாளில் ரஷ்யாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் போர் மூண்டது. சுப்சா குழாயும் முன்னெச்சரிக்கையாக மூடப்பட்டது. ஜார்ஜியாவின் ரயில் பாலம் ஒன்று தகர்க்கப்பட்டது. சில நாட்கள் பாகுவின் எண்ணெய்க்கு மேற்கே ஒரு வழியும் இல்லை.

ஆகஸ்ட் இறுதியில் குழாய் மீண்டும் இயங்கியது. ஆனால் ஷெவர்ட்நாட்ஸேயின் நம்பிக்கை அங்கே உடைந்தது. குழாய் வந்தால் மேற்குலகம் காக்கும் என்று அவர் எண்ணியிருந்தார். ரஷ்யப் படைகள் கோரி நகருக்குள் வந்தபோது குழாயின் பங்குதாரர்கள் எவரும் படை அனுப்பவில்லை. அப்காஸியாவும் தெற்கு ஒசெட்டியாவும் ஜார்ஜியாவின் கையை விட்டு முற்றாகப் போயின. பங்குதாரருக்குக் குழாய் பத்திரமாக இருந்தால் போதும். அது போகும் நாட்டின் எல்லைகள் அவர்களுடைய கணக்கேட்டில் வருவதில்லை.

பணம் எங்கே போனது?

2010இல் அந்த மூன்று வயல்களின் உற்பத்தி நாளொன்றுக்கு எட்டு லட்சம் பீப்பாயைத் தாண்டியது. எண்ணெய் விலையும் உயர்ந்தே இருந்தது. பாகுவில் கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்தன. 1999இல் தொடங்கிய அரசு எண்ணெய் நிதியம் பல்லாயிரம் கோடி டாலராகப் பெருத்தது. முகாம்களில் கிடந்த அகதிகளுக்குப் புது வீடுகள் வந்தன. அதை மறுக்கக் கூடாது. அதிகாரம் ஒரு குடும்பத்தின் கையில் இறுகியதையும், கேள்வி கேட்ட பத்திரிகையாளர்கள் சிறை சென்றதையும் மறைக்கக் கூடாது.

இன்னொரு செலவு எல்லாவற்றையும்விட முக்கியமானது. ஆயுதம். ஆர்மீனியாவின் மொத்த பட்ஜெட்டையும்விட எங்கள் ராணுவ பட்ஜெட் பெரிது என்று இல்ஹாம் அலியேவ் வெளிப்படையாகவே பேசினார். ஏவுகணைகளும் ஆளில்லா விமானங்களும் வந்து குவிந்தன. 2020 செப்டம்பர் 27 அன்று போர் தொடங்கியது. 44 நாட்களில் இருபுறமும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மாண்டார்கள். 2023 செப்டம்பரில் ஒரே நாள் தாக்குதலில் கராபாக் முழுவதும் வீழ்ந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் சில நாட்களுக்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு மலைப்பாதையில் வெளியேறினார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு அஸர்பைஜானியர்கள் போன அதே அவலத்தில் இப்போது இவர்கள்.

குழாய் அந்தப் போர்க்களத்தைத் தொடாமல் சுற்றிப்போனது. அதன் வழியே வந்த பணம் நேராகப் போர்க்களத்துக்கே போய்ச் சேர்ந்தது. இந்த அத்தியாயம் முழுவதையும் நான் எழுதியது இதைச் சொல்லத்தான்.

எரிசக்தி வணிகம் பகைவர்களை நண்பர்களாக்கும் என்ற வாதத்தை உலக மாநாடுகளில் இன்றும் கேட்கிறோம். காகசஸ் அனுபவம் வேறு பாடம் சொல்கிறது. நட்பு இருந்த இடத்தில் குழாய் அதை உறுதியாக்கியது. பாகு, திபிலிசி, அங்காரா உறவு அப்படி வளர்ந்ததுதான். அதே தடத்தில் 2006 இறுதியில் எரிவாயுக் குழாயும் வந்தது; அதன் நீட்சியாக 2020 இறுதியில் காஸ்பியன் எரிவாயு இத்தாலி வரை போனது. பகை இருந்த இடத்தில் குழாய் அதைத் தீர்க்கவில்லை. ஒரு தரப்பைப் பணக்காரராக்கி, மறுதரப்பைத் தனிமைப்படுத்தி, பகை முதிரக் காத்திருந்தது. வழியிலிருந்து விலக்கப்பட்ட ஆர்மீனியா எரிசக்திக்கும் பாதுகாப்புக்கும் ரஷ்யாவையே மேலும் சார்ந்தது. அந்தச் சார்பு 2023இல் அதைக் காப்பாற்றவில்லை.

2025 ஆகஸ்ட் 8 அன்று வாஷிங்டனில் இல்ஹாம் அலியேவும் ஆர்மீனியப் பிரதமர் பஷின்யானும் அமைதிக்கான கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். அஸர்பைஜானிலிருந்து தெற்கு ஆர்மீனியா வழியாக, அதன் பிரிந்து கிடக்கும் பகுதியான நகிசெவானுக்கு ஒரு வழித்தடம் திறப்பது அதன் மையம். தொண்ணூறுகளில் எவரும் ஏற்காத நேர்கோடு மறுபடி பேச்சுக்கு வந்திருக்கிறது. இது நடக்க வேண்டும். ஆனால் முதலில் இருதரப்பு அகதிகளின் வீடு, நிலம், கல்லறைகள் பற்றிய பேச்சு முடியட்டும். சிறையில் இருப்பவர்கள் வீடு திரும்பட்டும். அதன் பிறகு ரயிலும் குழாயும் வரட்டும். மக்களின் சம்மதமில்லாமல் போட்ட எந்தப் பாதையையும் காகசஸ் நெடுங்காலம் பொறுத்துக்கொண்டதில்லை.

அடுத்த அத்தியாயத்தில் காஸ்பியனின் கிழக்குக் கரைக்குப் போகிறோம். துர்க்மெனிஸ்தானின் எரிவாயு, ரஷ்யாவின் பிடியிலிருந்து விலகி, இரண்டு நாடுகளைக் கடந்து 2009 டிசம்பரில் சீனாவைச் சேர்ந்த கதை.

(தொடரும்)